ஈ.எஸ்.ஐ. சந்தாவும் முதலாளி இல்லாத நெசவாளியும்

உழைத்துப் பிழைப்பவனுக்கு நோய் வந்தால் இரண்டு செலவுகள் ஒருங்கே வந்து சேர்கின்றன. ஒன்று, வைத்தியச் செலவு. மற்றொன்று, படுத்த நாள்களுக்கு உரிய கூலியின் இழப்பு. முதற்செலவைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். இரண்டாவதைக் கணக்கிட்டுப் பார்ப்போர் மிகச் சிலரே. குழித்தறியில் அமரும் நெசவாளி பத்து நாள் படுத்துவிட்டால் பாவு ஏறியபடியே நிற்கிறது. அவனுக்குத் தார் சுற்றித் தரும் மனைவிக்கும் வேலை இல்லை. சங்கத்தில் நூல் இருக்கிறது, சந்தையில் துணிக்குத் தேவை இருக்கிறது. ஆயினும் அந்த வீட்டில் அடுப்பெரிய வழி இல்லை.

ஆலையில் பணி புரியும் தொழிலாளிக்கு இவ்விரு செலவுகளையும் தாங்குவதற்கென்று நம் நாட்டில் ஒரு திட்டம் உண்டு. அதுவே மக்கள் 'ஈ.எஸ்.ஐ.' என்று சுருக்கமாக வழங்கும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம். அதன் செலவில் முதலாளி ஏற்பது எவ்வளவு, தொழிலாளி கொடுப்பது எவ்வளவு, முதலாளி என்று ஒருவரும் இல்லாத நம் நெசவாளிக்கும் பயிரிடுவோருக்கும் அந்தப் பங்கை யார் ஏற்பது என்னும் மூன்று கேள்விகளையும் இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

திட்டம் பிறந்த வரலாறு

ஆலைத் தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதி வேண்டும் என்று பேராசிரியர் பி.பி. அடர்கார் 1944-ஆம் ஆண்டில் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதனை அடியொற்றி 1948-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் சட்டம் உடனே நடைமுறைக்கு வரவில்லை. திட்டம் முதலில் தொடங்கும் நகரங்களின் ஆலைமுதலாளிகள் ஒரு நியாயமான தடையை எழுப்பினர். "எங்கள் ஊரில் மட்டும் சந்தா வசூலித்தால் எங்கள் சரக்கின் அடக்க விலை ஏறும், சந்தா இல்லாத ஊர் ஆலைகளோடு நாங்கள் எவ்வாறு போட்டியிடுவது?" என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

இதற்குப் பரிகாரமாக 1951-இல் சட்டம் திருத்தப்பட்டது. திட்டம் அமலாகும் இடங்களில் முதலாளிகள் தங்கள் மொத்த ஊதியச் செலவில் நூற்றுக்கு 1.25 வீதமும், திட்டம் இன்னும் வராத இடங்களின் முதலாளிகள் நூற்றுக்கு 0.75 வீதமும் செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சுமை நாடு முழுதும் பரவியதால் தடை நீங்கிற்று. 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. நம் மாநிலத்தில் பஞ்சாலைகள் நிறைந்த கோயம்புத்தூரில் 1955 ஜனவரி 23-ஆம் நாள் முதன்முதலாக அமலுக்கு வந்தது.

இவ்வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு. நோய்க்காலச் செலவைத் தனி ஒரு முதலாளியோ தனி ஒரு சங்கமோ மட்டும் ஏற்றால் அது விலைப் போட்டியில் பின்தங்கும். தொழில் முழுவதும் சேர்ந்து ஏற்றால் எவருக்கும் நட்டம் இல்லை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ரூபாய்க்கு எத்தனை பைசா?

1997-ஆம் ஆண்டு முதல் 2019 ஜூன் வரை முதலாளியின் சந்தா ஊதியத்தில் நூற்றுக்கு 4.75, தொழிலாளியின் சந்தா 1.75. 2019 ஜூலை 1 முதல் இவை முறையே 3.25 என்றும் 0.75 என்றும் குறைக்கப்பட்டன. நெசவாளர் வழக்கில் சொன்னால், கூலி ரூபாய்க்கு முதலாளி கொடுப்பது மூன்றே கால் பைசா. தொழிலாளி கொடுப்பது முக்கால் பைசா. ஆக ரூபாய்க்கு நான்கு பைசா.

மாதம் ரூ. 16,000 ஊதியம் பெறும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பழைய விகிதத்தில் முதலாளி ரூ. 760-ம் தொழிலாளி ரூ. 280-ம் செலுத்தி வந்தனர். புதிய விகிதத்தில் முதலாளி ரூ. 520, தொழிலாளி ரூ. 120. இருவர் சுமையும் குறைந்தது. ஆனால் மொத்தத்தில் முதலாளி ஏற்கும் பாகம் நூற்றுக்கு 73-லிருந்து 81-க்கு உயர்ந்தது. பதினாறு பங்கில் பதின்மூன்று பங்கு முதலாளியுடையது; மூன்று பங்குதான் தொழிலாளியுடையது.

நாள் ஒன்றுக்குச் சராசரி ரூ. 176-க்கு மேற்படாத ஊதியம் பெறுவோருக்குத் தொழிலாளர் சந்தாவும் இல்லை என்று 2019-இல் விதிக்கப்பட்டது. அவர்களுக்கும் முதலாளி தம் பங்கைச் செலுத்தியே ஆகவேண்டும். திட்டத்தில் சேர்வதற்கான மாத ஊதிய உச்சவரம்பு 2017 ஜனவரி 1 முதல் ரூ. 21,000 என்று உயர்த்தப்பட்டது. உடற்குறை உடையோருக்கு ரூ. 25,000. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஈ.எஸ்.ஐ. திட்டம் இப்போது அத்தொகுப்பின் ஓர் அங்கமாக நடைபெறுகிறது.

கொடுத்ததற்குக் கிடைப்பது

வேலையில் சேர்ந்த நாள் முதலே தொழிலாளிக்கும் அவனுடைய குடும்பத்தாருக்கும் வைத்திய வசதி உண்டு. நோயால் வேலைக்குச் செல்ல இயலாத நாள்களுக்கு ஊதியத்தில் நூற்றுக்கு 70 வீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை ரொக்கமாகக் கிடைக்கும். நாள் ஊதியம் ரூ. 600 ஆனால், படுத்த நாள் ஒன்றுக்கு ரூ. 420. இதற்கு ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்கேனும் சந்தா சேர்ந்திருத்தல் வேண்டும். காசநோய், புற்றுநோய் முதலிய நீண்ட நோய்களுக்கு நூற்றுக்கு 80 வீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்க வழி உண்டு. பேறுகாலத்தில் பெண் தொழிலாளிக்கு முழு ஊதியத்தோடு 26 வாரம். வேலையில் அடிபட்டால், குணமாகும் வரை நூற்றுக்கு 90 வீதம்.

இவற்றுள் பெரிது எது என்று கேட்டால், நம் எண்ணத்தில், படுத்த நாளுக்குக் கிடைக்கும் அந்த ரொக்கமே. இலவச வைத்தியம் நோயைத் தீர்க்கும்; வீட்டு வாடகையையும் கடைப்பாக்கியையும் தீர்க்காது. கூலி நின்ற நாளில் வட்டிக்கு வாங்கிய கடன், நோய் தீர்ந்த பின்னும் நெடுநாள் தீராமல் நிற்பதை நம் அங்கத்தினர் நன்கு அறிவர்.

நம் சங்கங்களும் முதலாளிகளே

கூட்டுறவு நூற்பாலை, விற்பனைச் சங்கம், பண்டகசாலை, அச்சகம் முதலியவற்றில் சம்பளத்துக்குப் பணி புரிவோரைப் பொறுத்தவரை, சங்கமே முதலாளி. திட்டம் அமலில் உள்ள இடத்தில் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிலையம் ஒவ்வொன்றும், முறைப்படி விலக்குப் பெற்றிருந்தாலன்றி, இதற்கு உட்பட்டதே. ஆதலின் நிர்வாகக் குழுவினர் நான்கு செய்திகளைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து பிடித்தல் ஆகாது. 'மொத்தச் சம்பளத்தில் இரண்டு பங்கும் அடக்கம்' என்று எழுதி வாங்கிக்கொண்டாலும் அது செல்லாது.

இரண்டாவது, தொழிலாளியின் ஊதியத்தில் பிடித்த முக்கால் பைசா சங்கத்தின் பணம் அன்று. அது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் இரண்டு பங்கையும் சேர்த்துச் செலுத்த வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வீதம் வட்டி சேரும். அந்த வட்டி அங்கத்தினரின் பணத்திலிருந்துதான் போகிறது.

மூன்றாவது, பயிற்சியாளர், தற்காலிகர், குத்தகைக்காரரின் ஆள் என்று பெயர் சூட்டிச் சிலரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கத்தைத் தனியார் நிலையங்களில் மட்டுமன்றிச் சில கூட்டுறவு நிலையங்களிலும் நாம் கண்டதுண்டு. மூன்றே கால் பைசாவை மிச்சம் பிடிப்பதே அதன் நோக்கம். அவ்வாறு விடப்பட்டவனுக்கு விபத்து நேர்ந்தால், உரிய தொகையைக் கழகம் அவனுக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க வழி உண்டு. பைசாவை மிச்சம் பிடித்த சங்கம் அப்போது ரூபாயாகக் கொடுக்க நேரும்.

நான்காவது, பத்துப் பேருக்குக் குறைந்த சிறு சங்கமும், ஊழியரில் பெரும்பாலோர் இசைந்தால், தானாக முன்வந்து சேரலாம் என்று புதிய சட்டத் தொகுப்பு இடந்தருகிறது. எழுத்தர், விற்பனையாளர், காவலர் என நால்வரே உள்ள சங்கமும் இதனை ஆலோசித்தல் நன்று.

ஆலைகளுக்குச் செல்லும் மக்களை உடைய அங்கத்தினரும் ஒன்று செய்யலாம். மகனுக்கோ மகளுக்கோ ஈட்டுறுதி எண் வழங்கப்பட்டுள்ளதா, குடும்பத்தார் பெயர்கள் அதில் சேர்ந்துள்ளனவா, மாதந்தோறும் சந்தா பதிவாகிறதா என்று கேட்டறிய வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிவதால் மட்டும் அது கழகத்துக்குச் சென்று சேர்ந்ததாகாது.

பணம் கொடுப்போரும் அதிகாரமும்

நோய்க் காப்புறுதியைச் சட்டத்தால் முதலில் நிறுவிய நாடு ஜெர்மனி. பிஸ்மார்க் முதலமைச்சராக இருந்த 1883-ஆம் ஆண்டில் அச்சட்டம் பிறந்தது. அதன்படி தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் செலுத்தினர். தொழிலாளிக்கு அநீதி என்று இன்று தோன்றும். ஆயினும் அதில் ஒரு நுட்பம் இருந்தது. நோய்நிதிச் சபைகளின் நிர்வாகத்திலும் தொழிலாளருக்கு மூன்றில் இரண்டு இடமும் முதலாளிக்கு ஒரு இடமும் கிடைத்தன. பெரும்பங்கு கொடுத்தவர் கையில் பெரும்பான்மை இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் சந்தாவும் சரிபாதி, நிர்வாகமும் சரிபாதி என்றாயிற்று. 2005-இல் முதலாளிகளின் சுமையைக் குறைக்கும் பொருட்டுத் தொழிலாளி மட்டும் செலுத்தும் நூற்றுக்கு 0.9 என்ற தனிச் சந்தா புகுத்தப்பட்டது. செலவு ஏற ஏற, ஏறிய பகுதி தொழிலாளியின் தலையிலேயே விழுந்தது. நெடிய விவாதத்துக்குப் பின் 2019 ஜனவரி 1 முதல் எல்லாப் பகுதியும் மீண்டும் சரிபாதி ஆக்கப்பட்டது.

நம் ஈ.எஸ்.ஐ.யில் முதலாளி கொடுப்பது பதின்மூன்று பங்கு. தொழிலாளி மூன்று பங்கு. ஆயினும் முதலாளியின் பங்கு ஆகாயத்திலிருந்து விழுவதன்று. முதலாளி அதனைச் சரக்கின் அடக்க விலையில் சேர்க்கிறார். இறுதியில் பெரும்பாலும் துணி வாங்குவோரே அதனைக் கொடுக்கின்றனர். அல்லது கூலி உயர்வு அந்த அளவுக்குக் குறைகிறது. முதலாளியின் பங்கு என்பது பெரும்பாலும் உழைப்பின் விலையில் ஒரு பகுதியே என்னும் இவ்வுண்மையை அறிந்தால்தான் நெசவாளியின் கேள்விக்கு விடை காண முடியும்.

முதலாளி இல்லாத இடம்

கூட்டுறவுச் சங்கத்து நெசவாளி சங்கத்தின் நூலை வாங்கி, தன் வீட்டில், தன் தறியில் நெய்கிறான். துணிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறான். அவனை மேற்பார்ப்பவர் இல்லை. வருகைப் பதிவேடு இல்லை. சங்கத்தின் சொந்தக்காரருள் அவனும் ஒருவன். ஈ.எஸ்.ஐ.யோ ஆலையையும் நிலையத்தையும் மனத்திற் கொண்டு வகுத்த திட்டம். ஆதலின் வீட்டுத் தறி பொதுவாக அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. பயிரிடுவோன் நிலையும் இவ்வாறே. அவனே முதலாளி, அவனே தொழிலாளி. அறுப்புக்கு வரும் கூலியாளுக்கோ நாளுக்கொரு முதலாளி.

அரசு இக்குறையை ஒருபுறம் நிறைவு செய்துள்ளது. மைய அரசு 2005-இல் கைத்தறி நெசவாளருக்கென ஒரு நோய்க் காப்புறுதித் திட்டம் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்திற்று. பிரீமியத்தின் பெரும்பகுதியை அரசே கொடுத்தது. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்தின் பிரீமியம் முழுவதும் அரசினுடையது. 2018-இல் மைய அரசின் திட்டத்தோடு இணைந்த பின் ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சைக்கு வழி ஏற்பட்டது. தகுதியுள்ள அங்கத்தினர் அனைவரும் அட்டை பெற்றிருத்தல் வேண்டும். இதில் சங்கம் முன்னின்று உதவ வேண்டும்.

ஆனால் அத்திட்டம் ஆஸ்பத்திரியின் பில்லைத் தீர்ப்பது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவன் இரண்டு மாதம் தறிக்குழியில் இறங்கலாகாது என்று டாக்டர் சொன்னால், அந்த இரண்டு மாதத்துக் கூலிக்கு அதில் விடை இல்லை. ஆலைத் தொழிலாளிக்கும் வீட்டு நெசவாளிக்கும் இன்று உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

முதலாளி இல்லாத தொழில்களில் அப்பங்கை யார் கொடுப்பது என்ற கேள்விக்குச் சில இடங்களில் விடை கண்டுள்ளனர். ஜெர்மனியில் ஓவியர், எழுத்தாளர், இசைவாணர் முதலியோருக்கு 1983-இல் ஒரு சமூகக் காப்புறுதி ஏற்பட்டது. அவர்கள் தொழிலாளி போல் பாதியைக் கொடுக்கின்றனர். மற்றப் பாதியில், அவர்கள் படைப்பை விலைக்கு வாங்கிப் பயன்படுத்தும் பதிப்பகங்களும் நிறுவனங்களும் தீர்வையாக ஒரு பகுதியையும், அரசு எஞ்சியதையும் ஏற்கின்றன. நம் நாட்டில் கட்டடத் தொழிலாளியும் நாளுக்கொரு முதலாளியிடம் வேலை செய்பவனே. ஆதலின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடச் செலவின் மீதே நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வை விதித்து நலநிதி சேர்க்க வழி செய்தது.

கைத்தறிக்கும் இவ்வழி புதிதன்று. 1953-இல் ஆலைத் துணியின் மீது கெஜத்துக்கு மூன்று தம்பிடி, அதாவது காலணா, தீர்வை விதித்து, அப்பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடச் சட்டம் செய்யப்பட்டது. நம் மூத்த அங்கத்தினர் பலரின் சங்கங்கள் அந்நிதியின் உதவியால் வலுப்பெற்றவையே. காலணாக்கள் சேர்ந்து ஒரு தொழிலைத் தாங்கிய செய்தி நமக்குக் கதையன்று.

நாம் செய்யக்கூடியது

சட்டமும் அரசும் இதற்கு வழி செய்யும் வரை சங்கம் வாளாவிருக்க வேண்டியதில்லை. சங்கம் துணிக்கு அடக்க விலை போடும்போது நூல், சாயம், கூலி, நிர்வாகச் செலவு என்று கணக்கிடுகிறது. ஆலைத் துணியின் அடக்கத்தில் தொழிலாளியின் நோய்ச்சந்தா அடங்கியிருக்கிறது. நம் துணியின் அடக்கத்தில் மட்டும் ஏன் விடுபட வேண்டும்? ரூ. 3,000 விலைபோகும் ஒரு சேலைக்கு நெசவுக்கூலி ரூ. 1,000 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஈ.எஸ்.ஐ. விகிதப்படி முதலாளியின் பங்கு ரூ. 32.50. சேலையின் விலையில் நூற்றுக்கு ஒன்று சொச்சம். கைத்தறி என்று தேடி வாங்குவோருக்கு இது பெரிய சுமை ஆகாது.

அவ்வளவும் முதலாண்டிலேயே வேண்டுவதில்லை. நூறு தறிகள் உள்ள ஒரு சங்கத்தில் தறிக்கு ஆண்டுக்கூலி ரூ. 1 லட்சம் என்று கொண்டால் மொத்தக் கூலி ரூ. 1 கோடி. கூலி ரூபாய்க்கு ஒரு பைசா ஒதுக்கினால் ஆண்டுக்கு ரூ. 1 லட்சம் சேரும். அந்தப் பைசாவில் முக்கால் பங்கைச் சங்கமும் கால் பங்கை அங்கத்தினரும் ஏற்கலாம். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் நாட்கூலி ஏறக்குறைய ரூ. 333. அதில் பாதியை முப்பது நாளுக்குக் கொடுத்தால் ஒருவருக்கு ரூ. 5,000. ஓராண்டில் இருபது பேருக்கு இவ்வாறு உதவ முடியும். நூறு வீடுகளில் இருபது வீடுகள் ஒரு மாதம் கடன்படாமல் தப்பும்.

இதில் சில எச்சரிக்கைகள் உண்டு. இதனைக் காப்புறுதி வியாபாரம் போல் நடத்துதல் கூடாது. 'நோய்க்கால உதவி நிதி' என்ற பெயரில், துணைவிதிகளில் முறைப்படி திருத்தம் செய்து, பதிவாளரின் ஒப்புதல் பெற்றே தொடங்க வேண்டும். நிதிக்குத் தனிக் கணக்கும் தனிப் பதிவேடும் வைக்க வேண்டும். சங்கத்தின் நடைமுறைச் செலவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுத்தல் ஆகாது. டாக்டரின் சான்று, உச்ச நாள், உதவித் தொகை ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால், வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சுக்கு இடமிராது. லாபம் உள்ள ஆண்டில் பொதுநல நிதியிலிருந்து, சட்டமும் துணைவிதியும் இடந்தரும் அளவில், இதற்கு ஒரு தொகை சேர்க்கலாம். தனிச்சங்கத்தால் தாங்கவியலாத இடத்தில் வட்டாரச் சங்கங்கள் கூடிச் செய்தல் இன்னும் மேல். 1951-இல் ஆலைமுதலாளிகள் கேட்ட கேள்விக்கு விடை சுமையைப் பரப்புவதில் கிடைத்தது. நமக்கும் விடை அதுவே.

நிதியை மேற்பார்க்கும் குழுவில் நெய்பவர்கள், பெண் நெசவாளர் உட்பட, பெரும்பான்மையாக அமர வேண்டும். பயிரிடுவோர் சங்கங்களும் விளைபொருள் விற்பனைத் தொகையில் ரூபாய்க்கு இத்தனை பைசா என்று இவ்வாறே ஒதுக்க இயலும். அரசிடம் தீர்வையோ மானியமோ கேட்கும் நாளில், "நாங்கள் எங்கள் பங்கைக் கொடுத்துவிட்டோம், தங்கள் பங்கைத் தாருங்கள்" என்று சொல்லும் உரிமையும் நமக்கு அப்போது உண்டாகும்.

ஆலைத் தொழிலாளிக்கு மூன்றே கால் பைசாவைத் தர முதலாளி ஒருவர் இருக்கிறார். தராவிடில் கேட்கச் சட்டம் இருக்கிறது. நம் நெசவாளிக்கு அந்த முதலாளி, அவனும் அவனைப் போன்ற நூறு பேரும் சேர்ந்து அமைத்த சங்கமே. அடுத்து வரும் மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் போனஸ், பங்கு ஈவு என்பவற்றோடு, படுத்த நாளின் கூலி என்னும் பொருளையும் அங்கத்தினர் எழுத்து மூலம் கொடுத்துச் சேர்க்கச் செய்வார்களாக. முதலாண்டுக்கு ஒரு பைசா போதும்.